‘நமக்கு செட் ஆகாது’ என ஒதுக்கிய நாவல் ஏன் தூக்கத்தைக் கெடுக்கிறது? - கேம்பஸ் சஸ்பென்ஸ் கதைகள் வேலை செய்யும் விதம்

படிப்பதற்காக வெளியூரிலிருந்து காஞ்சிபுரம் வருகிறான் ஒரு மாணவன். கூடவே அவனுடைய குருவும் வருகிறார். வந்த இடத்தில் பல்லவர்களின் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு. அவமானத்தைத் தாங்க முடியாத மாணவன் ஏட்டைக் கீழே வைத்துவிட்டு வாளைக் கையில் எடுக்கிறான். எல்லைக் காவலர்களைத் தாக்குகிறான், ஸ்ரீபர்வதக் காட்டில் பதுங்குகிறான், கடைசியில் தனக்கென ஒரு நாட்டையே உருவாக்கிவிடுகிறான்.

ஏதோ புது வெப் சீரிஸ் கதை மாதிரி இருக்கிறதா? இது கர்நாடகத்தின் தாளகுண்டாவில் உள்ள 5-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்லும் செய்தி. மாணவனின் பெயர் மயூரசர்மன். அவன் நிறுவியது கதம்ப அரசு. அவன் படிக்க வந்த இடம், காஞ்சியில் இருந்த ‘கடிகை’ என்ற உயர்கல்வி நிலையம். காஞ்சிபுரம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அந்தக் கணக்கில், ‘காலேஜில் ஆரம்பித்த பிரச்சினை எங்கே போய் முடிந்தது தெரியுமா?’ என்று கேட்க வைக்கும் கதை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

இன்றைக்கு அந்த வகைக்கு ‘கேம்பஸ் சஸ்பென்ஸ்’ என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், இதை விரும்பித் தேடிப் போகிறவர்களைவிட, வேறு வழியில்லாமல் கையில் எடுத்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். சுயமுன்னேற்றப் புத்தகம் மட்டும் படிப்பவர், வரலாற்று நாவலைத் தாண்டாதவர், ‘சீரியஸ் இலக்கியம் தவிர எதையும் தொடமாட்டேன்’ என்பவர் என யாராக இருந்தாலும், நண்பர் வற்புறுத்தியதால் சும்மா பத்து பக்கம் பார்ப்போமே என்று ஆரம்பிக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் மணி இரண்டு. பிடிக்காத வகை எப்படிப் பிடித்துப்போனது?

கேம்பஸ் நாவல் என்றால் என்ன?

கல்லூரியையோ பல்கலைக்கழகத்தையோ களமாகக் கொண்ட நாவல். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இந்த வகை பிரபலமானபோது அதில் கொலை, மர்மம் எல்லாம் பெரிதாக இல்லை. மேரி மெக்கார்த்தியின் ‘தி க்ரோவ்ஸ் ஆஃப் அகாடெம்’ (1952), கிங்ஸ்லி ஏமிஸின் ‘லக்கி ஜிம்’ (1954) இரண்டுமே பேராசிரியர்களின் வேலைப் பயத்தையும் பதவி அரசியலையும் கிண்டலடித்தவை. அவற்றுக்கு முன்பே, 1937-ல் ஆர்.கே. நாராயண் ‘தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்’ நாவலில் சந்திரன் என்ற மாணவனின் கடைசி ஆண்டுக் கல்லூரி வாழ்க்கையையும் அதற்குப் பிறகான தடுமாற்றத்தையும் எழுதிவிட்டார்.

கல்லூரிக்குள் மர்மத்தைக் கொண்டுவந்த முக்கியமான நாவல்களில் ஒன்று, டோரதி செயர்ஸின் ‘காடி நைட்’ (1935). ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கற்பனையான பெண்கள் கல்லூரி. யாரோ பெயர் போடாமல் கேவலமான கடிதங்களை எழுதிப் போடுகிறார்கள். துப்பறியும் நாவல்தான், ஆனால் கதைக்குள் ஒரு கொலைகூடக் கிடையாது. பெண்கள் படிப்பதையும் ஆராய்ச்சி செய்வதையும் பொறுக்க முடியாத கோபம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் உண்மையான கேள்வி. செயர்ஸ் அந்த உலகத்தை நேரில் பார்த்தவர். ஆக்ஸ்ஃபோர்டு 1920-ல் முதன்முதலாகப் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தபோது அதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

இன்றைய இளைஞர்கள் ‘கேம்பஸ் சஸ்பென்ஸ்’ என்றதும் சொல்லும் பெயர் டோனா டார்ட்டின் ‘தி சீக்ரெட் ஹிஸ்டரி’ (1992). அது வெளிவந்தபோது டார்ட்டுக்கு 28 வயது. கலிஃபோர்னியாவின் சாதாரணக் குடும்பத்திலிருந்து வரும் ரிச்சர்ட், அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசமான வெர்மான்ட்டில் ஒரு சின்னக் கல்லூரியில் சேர்கிறான். பண்டைய கிரேக்கம் படிக்கும் ஐந்து பேர் கொண்ட ஒரு ‘கெத்தான’ குழு அவனை ஈர்க்கிறது. எப்படியாவது அவர்களில் ஒருவனாகிவிட வேண்டும் என்று துடிக்கிறான். அந்தக் குழுவில் ஒருவன் கொல்லப்படுகிறான்.

யார் செத்தது, யார் கொன்றது என முதலிலேயே சொல்லிவிட்டால்?

‘தி சீக்ரெட் ஹிஸ்டரி’ அதைத்தான் செய்கிறது. ஆரம்பத்திலேயே இறந்தவன் யார் என்பது தெரிந்துவிடும், அதில் நண்பர்களுக்குப் பங்கு உண்டு என்பதும் தெரிந்துவிடும். அப்புறம் எதற்கு மீதி நாவல்? ‘யார்?’ என்ற கேள்வி போய், ‘ஏன்?’, ‘எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள்?’ என்ற கேள்விகள் வாசகரை இழுத்துப் போகின்றன.

திகைப்பு வேறு, சஸ்பென்ஸ் வேறு என்று திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் விளக்கியிருக்கிறார். இருவர் மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கு அடியில் குண்டு வெடித்தால் பார்ப்பவருக்குச் சில நொடி அதிர்ச்சி. ஆனால், அங்கே குண்டு இருப்பது பார்ப்பவருக்கு மட்டும் தெரிந்து, பேசுகிறவர்களுக்குத் தெரியாமல் இருந்தால்? அந்தச் சாதாரண அரட்டையே நெஞ்சை அழுத்தும். ‘எழுந்து போங்கடா!’ என்று கத்தத் தோன்றும். தகவலை ஒளித்து வைத்தால் திகைப்பு. முன்னாலேயே கொடுத்தால் சஸ்பென்ஸ்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் இருவர் 2011-ல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இந்தப் பக்கம் சாய்கிறது. சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கச் சொன்னபோது, பலரும் அந்தக் கதைகளைக் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்னால் வந்த வேறு சில ஆய்வுகள் இதற்கு மாறான முடிவைத் தந்தன என்பதால் இதுவே கடைசித் தீர்ப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும், ‘ஸ்பாய்லர்’ கேட்டுவிட்டால் கதையே செத்துவிட்டது என்ற பயம் எல்லாக் கதைக்கும் பொருந்தாது என்பதை நம்பலாம்.

‘மர்மக் கதை நமக்கு ஒத்துவராது’ என்று சொல்லும் பலருக்கு உண்மையில் ஒத்துவராதது புதிர் விளையாட்டுதான். துப்புகளைக் கணக்குப் போட்டு, கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்துக் குற்றவாளியைச் சுட்டிக்காட்டும் முறை அவர்களுக்கு அலுப்பு. மனிதர்களைப் பற்றிய கதையை விரும்பும் அவர்களுக்கு, ‘ஏன் செய்தான்?’ என்று கேட்கும் சஸ்பென்ஸ் நாவல் சொந்த வீடு மாதிரி. வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் கல்லூரி வளாகம்?

சஸ்பென்ஸுக்குத் தேவையான எல்லாமே கல்லூரியில் ரெடியாக இருக்கிறது.

*வேலி போட்ட உலகம்:* கேட், செக்யூரிட்டி, விடுதி நேரம். வெளியாள் எளிதில் வர முடியாது என்பதால், எது நடந்தாலும் உள்ளே இருப்பவர்களில் ஒருவர்தான் காரணம்.

*புதிதாக வந்தவர்:* முதலாண்டு மாணவருக்கு எதுவும் தெரியாது. வாசகருக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்தே கற்றுக்கொள்கிறார்கள்.

*படிநிலை:* சீனியர், ஜூனியர், பேராசிரியர், துறைத் தலைவர். யாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொன்னால் மார்க் போகும் என்ற கணக்கு எப்போதும் ஓடும். இங்கே ரகசியங்கள் சீக்கிரம் முளைக்கும்.

*காலக்கெடு:* செமஸ்டர், தேர்வு, பிளேஸ்மென்ட். எழுத்தாளர் தனியாக டிக் டிக் கடிகாரம் வைக்க வேண்டியதில்லை.

*முதல் சுதந்திரம்:* வீட்டை விட்டு வெளியே வந்து, ‘நான் யார்?’ என்பதை மாற்றி எழுதிப் பார்க்கும் வயது. ஊர்ப் பெயரை மறைப்பது, இங்கிலீஷ் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வது, இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்வது என்று சின்னப் பொய்களில் தொடங்குகிறது. ரிச்சர்டும் அப்படித்தான் தன் குடும்பத்தைப் பற்றிக் கதை விடுகிறான்.

கடைசிப் புள்ளியைப் புரிந்துகொள்ள வெர்மான்ட் வரை போக வேண்டியதில்லை. 2019 நவம்பர் 29 முதல் தனி மாவட்டமாக இயங்கும் செங்கல்பட்டில், ஜி.எஸ்.டி. சாலை, ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். என மூன்று சாலைகளிலும் கல்லூரி போர்டுகள் வரிசை கட்டுகின்றன. 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்தின் காட்டுக்குள் இடம் மாறிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, 1949-ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி., 1965-ல் வந்த செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, கல்லையே பாடமாகக் கொண்ட மாமல்லபுரம் அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி என்று பட்டியல் நீளும். செங்கல்பட்டு - கடற்கரை மின்சார ரயிலில் தினம் சுமார் 60 கி.மீ. போய்வரும் இளம் ஊழியர்களில் பலர், நாலைந்து வருடத்துக்கு முன் இதே தடத்தில் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு போன மாணவர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, ‘இவங்க நடுவுல நான் செட் ஆவேனா?’ என்ற ரிச்சர்டின் பதற்றத்தை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம்.

கதை சொல்லும் முறை பழக்கமில்லாததாக இருந்தாலும் களம் பழகியதாக இருப்பதால் வாசகர் பாதியில் விட்டுப் போவதில்லை.

தமிழில் இப்படி இருக்கிறதா?

துப்பறியும் நாவலுக்குத் தமிழில் 130 வருட வயது. பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ 1894-ல் வந்தது. 1908-ல் ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வந்து, துப்பறியும் கோவிந்தனை வீடுதோறும் கொண்டுபோனது. பிறகு வடுவூர் துரைசாமி ஐயங்கார், தேவனின் ‘துப்பறியும் சாம்பு’, தமிழ்வாணனின் சங்கர்லால், ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று சங்கிலி அறுபடவே இல்லை.

கல்லூரியைக் களமாகக் கொண்ட நாவல்களும் உண்டு. நா. பார்த்தசாரதியின் ‘பொன் விலங்கு’ நாவலின் நாயகன் கல்லூரி விரிவுரையாளர். ‘சத்திய வெள்ளம்’ மாணவர் போராட்டத்தைப் பேசியது. ஆனால், தமிழ் மர்மக் கதைக்கு ஜமீன் பங்களா, எஸ்டேட், நகரத்து ஃபிளாட் ஆகியவை பிடித்த அளவுக்குக் கல்லூரி பிடிக்கவில்லை. கல்லூரியோ பெரும்பாலும் காதலுக்கும் அரசியலுக்கும் களமானது. இரண்டு ஓடைகளும் அடிக்கடி சந்திக்கவில்லை.

கிட்டத்தட்ட சந்தித்த இடம் என்று சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வைச் சொல்லலாம். நாட்டுப்புறப் பாடல்களை ஆராய ஒரு கிராமத்துக்கு வரும் படித்த இளைஞன் கல்யாணராமன், பழைய ஜமீன் வீட்டில் தங்க, இரவில் கேட்கக் கூடாத குரல்கள் கேட்கின்றன. வளாகம் இல்லை, ஆனால் ஆராய்ச்சி நோட்டோடு வரும் வெளியூர்க்காரன், பூட்டிய உலகம், ரகசியம் எல்லாம் இருக்கின்றன. 1981-ல் படமாகவும் வந்தது. சுஜாதாவே அப்துல் கலாமைப் போல குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர்.

இன்னும் பின்னால் போனால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. 1944-46-ல் கல்கி எழுதிய ‘சிவகாமியின் சபதம்’ வரலாற்று நாவல் என்றே எல்லாருக்கும் தெரியும். அதன் ஆரம்பத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். கிராமத்து இளைஞன் பரஞ்சோதி படிப்பதற்காகக் காஞ்சிக்கு வருகிறான். நாவுக்கரசர் மடத்தில் தமிழும், ஆயனரிடம் சிற்பமும் கற்க ஆசை. வந்த முதல் நாளே சிக்கல். வழியில் பழகிய நாகநந்தி என்ற பிட்சு யார் என்றே புரியவில்லை. அஜந்தா வர்ண ரகசியத்தைத் தெரிந்துவர என்று நம்பி அவன் சுமந்து போகும் ஓலையில் இருப்பது வேறு விஷயம். படிக்க வந்தவன் உளவு வலைக்குள் சிக்குகிறான். கேம்பஸ் சஸ்பென்ஸின் இலக்கணம் அப்படியே இருக்கிறது. மாமல்லபுரத்தின் ஒற்றைக்கல் கோயில்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அந்த நாவலை ‘வரலாறு’ என்று மட்டும் படித்தால் பாதி விறுவிறுப்பை இழந்துவிடுவார்கள்.

ரசனைக்கு யார் வேலி போட்டது?

‘நல்ல வாசகர் இதையெல்லாம் படிப்பாரா?’ என்ற கூச்சம் இன்றும் இருக்கிறது. ரயிலில் கையில் இருக்கும் அட்டையைப் பார்த்து எடை போடுகிறவர்கள் உண்டு. அதனால்தான் பலர் த்ரில்லரை போனில் படித்துவிட்டு, அலமாரியில் வேறு புத்தகத்தை அடுக்குகிறார்கள்.

இந்த வேலியைத் தாண்டிய ஒருவரின் பெயரை, ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள். மறைமலை நகர். தனித்தமிழ் இயக்கத்தை 1916-ல் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய ஊர். அவர் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழ் ஆசிரியர். சைவம், சங்க இலக்கியம் என்று கடுமையான புலமைக்குப் பெயர் போனவர். அவரே 1911-ல் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ என்ற நாவலை வெளியிட்டார். அதன் மூலம் எது தெரியுமா? ஜி.டபிள்யூ.எம். ரெனால்ட்ஸ் எழுதிய ‘லைலா’. ரெனால்ட்ஸ், விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் மலிவு விலைப் பரபரப்புக் கதைகளின் மன்னர். அங்கே மேட்டுக்குடி விமர்சகர்கள் முகம் சுளித்த எழுத்தாளர். இந்தியாவிலோ அவருக்கு ஏகப்பட்ட வாசகர்கள்.

வகுப்பில் சங்கப் பாட்டு நடத்திய ஆசிரியர் ரெனால்ட்ஸைப் படித்ததோடு நிற்கவில்லை. இதைத் தமிழில் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார். தனக்குப் பழகிய தமிழுக்குள் பழக்கமில்லாத கதை வகையைக் கொண்டுவந்தார். அதனால் அவருடைய புலமைக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

சுஜாதாவும் இதே வேலியின் இரண்டு பக்கமும் நடமாடினார். குமுதத்தில் 1968-ல் ‘நைலான் கயிறு’ என்ற கொலைக் கதையை எழுதியவர்தான், இலக்கியப் பத்திரிகையான கணையாழியில் ‘கடைசிப் பக்கம்’ எழுதினார். அந்தப் பத்தியைப் படித்துக் கவிதைக்குப் பழகியவர்களும் உண்டு, கணேஷ் - வசந்துக்காக வந்து சிறுகதைக்குள் போனவர்களும் உண்டு.

கதைக்கு வெளியே ஒரு விஷயம்

கேம்பஸ் சஸ்பென்ஸை வெறும் பொழுதுபோக்காக விட்டுவிட முடியாத காரணமும் தமிழ்நாட்டுக்கு இருக்கிறது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் நாவரசு, சீனியர் மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அந்தக் கொடூரத்தின் விளைவாக 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. வழக்கு நீண்டு, 2011-ல்தான் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. ‘சும்மா ஜாலிக்கு’, ‘எல்லாரும் பண்றதுதானே’, ‘வெளிய சொல்லாத’ என்ற வார்த்தைகள் எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்த மாநிலம் கதையில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

‘தி சீக்ரெட் ஹிஸ்டரி’ போன்ற நாவலின் கூர்மையும் அங்கேதான் இருக்கிறது. படித்துக்கொண்டே போகையில் வாசகர் ஒரு கட்டத்தில், ‘இவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே’ என்று பதறுவார். மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைப்பது யாரை? கொலை செய்தவர்களை! ஒரு குழுவின் கவர்ச்சி, நல்ல மனசுள்ள வெளியாளையும் எப்படி வாயை மூட வைக்கிறது என்பதை வாசகர் தன் மனதிலேயே பார்க்கிறார். அறிவுரைப் புத்தகம் நூறு பக்கத்தில் சொல்ல முடியாததை நாவல் இப்படித்தான் உணர்த்துகிறது. செத்தவன் எரிச்சலூட்டும் ஆளாக இருந்தாலும், செத்தவன் அவன்தான் என்பதை வாசகர் தானாக நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கதையல்லாமல் நிஜத்தில் ராகிங் நடந்தால், நாடு முழுவதுக்குமான இலவச உதவி எண் 1800-180-5522. மாணவர்கள் மட்டுமல்ல, பெற்றோரும் அழைக்கலாம்.

புது வகையைத் தொட்டுப் பார்க்க ஆசையா?

*ஒன்றை மட்டும் மாற்றுங்கள்:* களம், காலம், மொழி, வகை எல்லாமே புதிதாக இருந்தால் திணறும். தெரிந்த களத்தில் தெரியாத வகையை எடுங்கள். பொறியியல் படித்தவருக்குக் கல்லூரிக் கதை, ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவருக்கு மருத்துவ த்ரில்லர்.

*50 பக்கம் கொடுங்கள்:* சஸ்பென்ஸ் நாவல்களில் பெரியவை மெதுவாகவே சூடு பிடிக்கும். 50 பக்கம் தாண்டியும் இழுக்கவில்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் மூடி வைக்கலாம். புத்தகம் கோபித்துக்கொள்ளாது.

*நடுநடுவே நிறுத்துங்கள்:* அத்தியாயம் முடிந்ததும், ‘இப்போது நான் யார் பக்கம்? ஏன்?’ என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ‘அடுத்து என்ன?’ என்று மட்டும் ஓடினால் கதை மட்டும்தான் மிஞ்சும்.

*இலவசமாகத் தொடங்குங்கள்:* கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. ‘சிவகாமியின் சபதம்’ மதுரைத் திட்டம் தளத்தில் முழுவதுமாகக் கிடைக்கிறது, போனிலேயே படிக்கலாம். மற்ற நாவல்களுக்கு அருகிலுள்ள கிளை நூலகத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

*ஜோடி சேர்த்துப் படியுங்கள்:* வேறு ரசனை உள்ள நண்பரோடு புத்தகத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அவருடைய த்ரில்லர் உங்களுக்கு, உங்களுடைய இலக்கிய நாவல் அவருக்கு. முடித்த பிறகு யார் கொலையாளி என்று பேச வேண்டாம், அது இருவருக்கும் தெரியும். எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை என்பதைப் பேசிப் பாருங்கள். இருவரும் வேறு வேறு பக்கத்தைச் சொல்வீர்கள். அவரவர் ரசனை என்ன என்பதற்கு, ‘எனக்கு இந்த வகைதான் பிடிக்கும்’ என்ற பழைய பட்டியலைவிட அந்தப் பக்கம் நல்ல பதில் சொல்லும்.